வீட்டில் தைத்த உடை எப்போது சூழலுக்கு நல்லது? கொங்கு நாட்டிலிருந்து ஒரு விளக்கம்

ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த சூழல்சார் பொருள் வடிவமைப்புச் சட்டம் 2024 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்தது. விற்காமல் தேங்கிய ஆடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கு அச்சட்டம் விதிக்கும் தடை 2026 ஜூலை 19 முதல் பொருந்தும். ஓர் ஆடையின் இழையையும் வரலாற்றையும் வாங்குபவர் பார்க்கும்படி செய்யும் 'டிஜிட்டல் கடவுச்சீட்டு' அதே சட்டத்தின் வழியாகப் பின்னர் வர இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் பின்னலாடை அனுப்பும் திருப்பூரில் இதைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. சூழலைக் கெடுக்காதது என்ற பொருளில் வழங்கும் 'சஸ்டெயினபிள்' என்ற சொல் ஏற்றுமதி அலுவலகங்களிலிருந்து விளம்பரப் பலகைகளுக்கு வந்து, அங்கிருந்து வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. கடையில் வாங்குவதை நிறுத்திவிட்டு வீட்டிலேயே தைத்து உடுத்தினால் சூழலுக்கு நல்லது என்ற கருத்தும் இதனோடு சேர்ந்து பரவுகிறது.

அந்தக் கருத்து பாதிதான் சரி. வீட்டுத் தையல் மிஷினில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் உடை சூழலுக்கு நல்லதாகிவிடாது. துணி எங்கிருந்து வந்தது, பிரித்துத் திருத்த இடம் விட்டுத் தைக்கப்பட்டதா, எத்தனை ஆண்டு உடுத்தப்படுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கான விடைகளே அதைத் தீர்மானிக்கின்றன. இம்மூன்றும் வீட்டில் தைப்பவரின் கையில் இருப்பதும், முதல் கேள்விக்கான நல்ல விடை கொங்கு நாட்டில் ஒரு பஸ் பயணத் தொலைவில் கிடைப்பதும்தான் இங்கே வீட்டுத் தையலுக்குத் தனி மதிப்பைத் தருகின்றன.

ஓர் உடையின் சூழல் சுமை எங்கே இருக்கிறது

ஒரு சட்டை, பஞ்சு விளைச்சல், நூற்பு, நெசவு அல்லது பின்னல், சாயம், வெட்டல், தையல் என்ற படிகளைக் கடந்து நம்மிடம் வந்து, உடுத்தலும் துவையலுமாய்ச் சில காலம் இருந்து, கடைசியில் கந்தலாகிறது. இவற்றுள் தையல் எடுத்துக்கொள்ளும் நீரும் மின்சாரமும் மிகக் குறைவு. நீர்ச்சுவடு கணக்கிடுவோரின் மதிப்பீட்டில், ஒரு கிலோ பருத்தித் துணி உருவாக உலகச் சராசரியாக ஏறத்தாழ 10,000 லிட்டர் நீர் தேவைப்படுகிறது. இதில் வயலில் பெய்யும் மழையும் அடக்கம். இந்த நீரின் பெரும்பகுதி வயலிலேயே செலவாகிவிடுகிறது. ஆகவே கடையில் புதுத் துணி வாங்கி வீட்டில் தைப்பவர், சுமையின் பெரும்பங்கைத் துணியோடு சேர்த்தே வாங்கி வருகிறார். அவர் தவிர்ப்பது தொழிற்சாலைத் தையலை மட்டுமே.

சாயத்தின் கதையைக் கொங்கு நாட்டவருக்கு விளக்கவே வேண்டியதில்லை என்று தோன்றலாம். ஆனால் நொய்யல் ஆறு ஏன் கெட்டது என்பதன் வேதியியல் பலருக்கும் தெளிவாகத் தெரியாது. பருத்திக்குப் பெரும்பாலும் பயன்படும் ரியாக்டிவ் சாயமும் பருத்தி இழையும் தண்ணீரில் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை. எனவே ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தைக் குறைத்துச் சாயத்தை இழையை நோக்கித் தள்ளுவதற்காகத்தான் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். பிறகு சோடா சேர்த்ததும் சாயம் இழையோடு பிணைகிறது. பிணையாமல் நின்ற சாயத்தைப் பலமுறை அலசி எடுக்க வேண்டும். உப்போ துணியில் தங்குவதே இல்லை. போட்ட உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. நிறத்தை நீக்கும் சாதாரணச் சுத்திகரிப்பு முறைகளால் கரைந்த உப்பைப் பிரிக்க முடியாது.

அந்த உப்பு நீர்தான் நொய்யலில் இறங்கியது. சென்னிமலைக்கு அருகே பாசனத்துக்கென்று கட்டப்பட்டு 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறிப்போனது. கிணறுகள் உவர்ந்து, விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கிகளும் உப்பைப் பிரித்தெடுத்து, நீரை மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்புகின்றன. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் நீரை ஆவியாக்க எரிபொருளும் மின்சாரமும் செலவாகின்றன. ஆழ்ந்த நிறத்துக்கு உப்பும் கூடுதல், அலசலும் கூடுதல். கறுப்பு பனியனுக்கும் வெளிர்நிற பனியனுக்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டை எந்த விலைச்சீட்டும் சொல்வதில்லை.

துணியைத் தேர்ந்தெடுக்கும் வரிசை

சுமையின் பெரும்பங்கு துணியிலேயே இருப்பதால், வீட்டில் தைப்பவர் எடுக்கும் முதல் முடிவே முக்கியமான முடிவு. என் பார்வையில் முன்னுரிமை இப்படி அமைய வேண்டும்:

1. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் துணி. கரை மட்டும் நைந்த பருத்திச் சேலை, கழுத்தும் அக்குளும் போய் உடல் நன்றாக இருக்கும் சட்டை, யாரும் உடுத்தாத பரிசு வேட்டி ஆகியவற்றுக்குப் புதிதாக ஒரு சொட்டு நீரும் செலவாகாது. பழைய சேலை பலமுறை துவைத்துச் சுருங்கி முடிந்தது என்பதால், அதில் தைத்த குர்தா பிறகு சுருங்கி ஏமாற்றாது.

2. மீதத் துணி. ஆர்டர் முடிந்தபின் எஞ்சும் ரோல், நிறம் சற்று மாறியதால் ஒதுக்கப்பட்டது, சிறு பிழையால் 'செகண்ட்ஸ்' ஆனது, கட் பீஸ் ஆகியவை இதில் சேரும். திருப்பூர் காதர்பேட்டை ஸ்டாக் லாட், அதாவது தேங்கிய சரக்கு, ஆடைகளுக்குப் பெயர்பெற்றது. ஈரோட்டில் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஒரே நிறத்தில், ஒரே தரத்தில், எத்தனை முறை சென்றாலும் தீராமல் கிடைக்கும் துணி மீதத் துணி அல்ல. அந்தப் பெயரில் விற்பதற்கென்றே ஓட்டிய துணியாக இருக்கலாம். உண்மையான மீதம் ஒழுங்கற்றது. இந்த வாரம் கண்ட நிறம் அடுத்த வாரம் இருக்காது.

3. சாயம் காணாத காடா துணி, அல்லது கைத்தறித் துணி. சோமனூர், பல்லடம் பகுதி விசைத்தறிகளிலிருந்து வெளிவரும் காடா, வெளுக்காத பழுப்பு வெள்ளை நிறத்தில், பாவு நூலுக்கு (நெடுக்கே ஓடும் நூல்) போட்ட கஞ்சியோடும் ஆங்காங்கே பருத்திக்கொட்டைத் துகளோடும் இருக்கும். ஓர் இரவு ஊறவைத்து, சூடான சோப்பு நீரில் அலசினால் கஞ்சி இறங்கி மென்மையாகும். சென்னிமலையிலும் நெகமத்திலும் கைத்தறி இன்னும் உயிரோடு இருக்கிறது; கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையத்தில் வாங்கினால் நெசவாளரின் உழைப்புக்கு நேரடியாகக் கைகொடுத்ததாகவும் ஆகும்.

4. சான்றிதழ் பெற்ற புதுத் துணி.

கடைசியில் சொன்ன சான்றிதழ்களில்தான் குழப்பம் அதிகம். ஜிஓடிஎஸ் என்பது இயற்கை வேளாண் இழை, பதனிடல், தொழிலாளர் நிலை ஆகிய மூன்றையும் பார்க்கும் சான்றிதழ். 'ஆர்கானிக்' என்று முழுமையாகக் குறிக்க 95 விழுக்காடும், 'ஆர்கானிக் கலந்து செய்தது' என்று குறிக்க 70 விழுக்காடும் இயற்கை வேளாண் இழை இருக்க வேண்டும். ஜிஆர்எஸ் மறுசுழற்சி இழையின் அளவைச் சொல்கிறது. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100, முடிந்த துணியில் உடலுக்குத் தீங்கான பொருள்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று மட்டுமே சோதிக்கிறது. வயலில் என்ன தெளித்தார்கள் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இம்மூன்றையும் ஒரே பொருளில் பேசும் விற்பனையாளரிடம் கவனமாக இருப்பது நல்லது.

'மூங்கில் துணி' என்று விற்கப்படுவதில் பெரும்பாலானது விஸ்கோஸ். மரக்கூழையோ மூங்கில்கூழையோ கார்பன் டைசல்பைடு முதலான வேதிப்பொருள்களால் கரைத்து இழையாக்கும் முறை அது. கழிவை அடைத்துவைக்காத விஸ்கோஸ் ஆலை என்ன செய்யும் என்பதைச் சிறுமுகையில் பவானிக் கரையில் வாழ்ந்தவர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். அங்கிருந்த ஆலை மாசுப் புகார்களுக்கும் போராட்டங்களுக்கும் பிறகு மூடப்பட்டது. மரத்திலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஓர் இழை தூய்மையானதாகிவிடாது.

இழையை அறியும் இரண்டு சோதனைகள்

கட் பீஸ் கடையில் துணிக்குச் சீட்டு இருக்காது. கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டியதில்லை. ஓரத்திலிருந்து பாவு நூல் ஒன்றையும் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்றையும் உருவி, தட்டின் மேல் வைத்துத் தனித்தனியே கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி நூல் சட்டென்று பற்றி, காகிதம் எரியும் வாசனையோடு கனன்று, விரலால் தொட்டால் பொடியாகும் சாம்பலை விட்டுச் செல்லும். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருங்கி, உருகி, ஆறியபின் நசுங்காத கறுப்பு மணியாக நுனியில் நிற்கும். சாம்பலுக்குள் சிறு கட்டிகள் தட்டுப்பட்டால் அது கலப்பு. இரண்டு நூல்களையும் தனித்தனியே பார்ப்பதற்குக் காரணம், பாவில் பாலியஸ்டரும் ஊடையில் பருத்தியுமாக நெய்த துணிகளும் உண்டு என்பதே.

விஸ்கோஸ் பருத்தியைப் போலவே எரியும் என்பதால் நெருப்பு அதைக் காட்டிக்கொடுக்காது. அதற்குத் தண்ணீர் போதும். நூலின் நடுவில் நனைத்து இரு முனைகளையும் பிடித்து இழுத்தால், விஸ்கோஸ் நனைந்த இடத்தில் எளிதாக அறுந்துவிடும். பருத்தி நனைந்தால் வலுக்கூடும் இயல்புடையது.

நூலின் நம்பரையும் அறிந்துவைப்பது நல்லது. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளக் கண்டுகள் எத்தனை வருகின்றன என்பதே நம்பர். நம்பர் கூடினால் நூல் மெலிதாகும். தினசரி உடுத்தி அடித்துத் துவைக்கும் சட்டைக்கு 40-ஆம் நம்பர் அளவிலான துணி போதும்; 80, 100 என்று மெலிந்த துணி அழகாக இருக்கும், ஆனால் உழைப்பைத் தாங்காது. பின்னல் துணியை எடையால் அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரின் கிராம் எடையே ஜிஎஸ்எம். டி-ஷர்ட்டுக்கு 160 முதல் 180 வரை பொருத்தமானது.

பின்னல் துணியைத் தைப்பதில் உள்ள சிக்கல்

கொங்கு நாட்டில் மலிவாகக் கிடைக்கும் மீதத் துணியில் பெரும்பகுதி பனியன் துணி. அதை வாங்கிவந்து, ஜாக்கெட் தைக்கும் அதே மிஷினில் அதே ஊசியால் தைப்பவர்கள் பெரும்பாலும் தோற்று, துணியை மூலையில் போட்டுவிடுகிறார்கள். அங்கே துணியும் உழைப்பும் ஒருசேர வீணாகின்றன. இந்த இடத்தை மட்டும் விரிவாகப் பார்ப்பது அவசியம்.

நெய்த துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுண்டு நிற்கின்றன. பின்னல் துணியோ ஒரே நூலின் கண்ணிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து உருவாவது. கூர்நுனி ஊசி கண்ணியின் நூலையே அறுத்துவிட்டால், அங்கே ஓட்டை விழுந்து, துவைக்கத் துவைக்க ஏணிபோல் ஓடும். உருண்டை நுனியுள்ள பால் பாயின்ட் ஊசி நூலை விலக்கிக்கொண்டு இடையே இறங்கும். ஊசியின் விலை அற்பம். அது செய்யும் வேறுபாடு உடையின் முழு ஆயுள்.

அடுத்தது இழுவை. கால்மிதி மிஷின் நேர்த்தையல் மட்டுமே போடும். துணி நீள, நேர்த்தையலின் நூல் நீளாமல் அறுந்துபோகும். சிக்சாக் வசதியுள்ள மிஷினில் ஒடுக்கமான சிக்சாக் போட்டால் இது தீரும். நேர்த்தையல் மிஷின் மட்டும் உள்ளவர்கள், தைக்கும்போது துணியைச் சற்றே இழுத்துப் பிடித்து, தையலைப் பொடியாக வைத்து, தொளதொளப்பான உடைகளை மட்டும் தைப்பது நல்லது. அல்லது வீட்டில் வெட்டி, சேர்க்கும் தையலை மட்டும் பக்கத்து ஓவர்லாக் (ஓரத்தைச் சுற்றித் தைப்பது) கடையில் போட்டு வாங்கலாம். எல்லாவற்றையும் தன் கையாலேயே முடிக்க வேண்டும் என்ற பிடிவாதத்துக்குச் சூழல் நோக்கில் எந்தக் காரணமும் இல்லை.

மூன்றாவது, முறுக்கம். மலிவான டி-ஷர்ட்டைச் சிலமுறை துவைத்ததும் பக்கத் தையல் முன்வயிற்றுக்குத் திரும்பி வருவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நூற்கும்போது நூலில் ஏறிய முறுக்கு, நனைந்ததும் தன்னைத் தளர்த்திக்கொள்ள முயல்கிறது. டி-ஷர்ட்டுக்கான ஒற்றைப் பின்னல் துணியான சிங்கிள் ஜெர்சியில் எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கம் சாய்ந்து, உடையே சுழன்றுவிடுகிறது. தைப்பதற்கு முன் துணியைத் துவைத்து, வெயிலில் தொங்கவிடாமல் தட்டையாக விரித்து உலர்த்தி, கண்ணிகளின் நெடுவரிசையைப் பார்த்து அதன்படி வெட்டினால் பெருமளவு தப்பலாம். உருளையாக வரும் துணியின் மடிப்பை நேர்க்கோடு என்று நம்பி வெட்டக் கூடாது. முதன்முதலாகத் தைப்பவர்கள் இரட்டைப் பின்னலான இன்டர்லாக் துணியில் தொடங்கலாம். அது முறுக்குவதில்லை, ஓரம் சுருள்வதும் இல்லை. கழுத்துக்கு வைக்கும் ரிப் பட்டியைக் கழுத்துச் சுற்றளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீளத்துக்கு வெட்டி, இழுத்துத் தைத்தால் கழுத்து விரியாது.

சுருக்கம் நெய்த துணிக்கும் உண்டு. பதனிடாத பருத்தி முதல் துவையலில் 5 முதல் 10 விழுக்காடு வரை சுருங்கக்கூடும். வெட்டுவதற்கு முன் ஊறவைப்பதைத் தவறவிட்டு, பிறகு இறுக்கமாகிவிடும் உடையை யாரும் உடுத்துவதில்லை.

வெட்டும்போது விடும் இடம்

தொழிற்சாலை வெட்டலில் பொதுவாக 10 முதல் 15 விழுக்காடு துணி கழிவாகிறது. அங்கே பல அளவுகளைக் கணினியில் நெருக்கி அடுக்குகிறார்கள். வீட்டில் ஓர் உடையை மட்டும் வெட்டும்போது கழிவு அதைவிடக் கூடுவது இயல்பு. இதை ஒப்புக்கொண்டுதான் வீட்டுத் தையலின் நன்மையைப் பேச வேண்டும்.

கழிவைக் குறைக்கும் எளிய வழி, காகித மாதிரியைத் தரையில் அடுக்கிப் பார்த்த பிறகு துணி வாங்குவது. 58 இன்ச் பன்னாவில் (துணியின் அகலம்) சட்டைக்கு 1.60 மீட்டர் என்று கடைகளில் வெட்டித் தருவது பெரிய உடம்பையும் கணக்கில் கொண்ட அளவு. ஒல்லியானவருக்கு அதில் கணிசமான துணி மிஞ்சும். இன்னொரு வழி, நேர்கோட்டு வெட்டு. சேலையிலும் வேட்டியிலும் வெட்டே இல்லை. பாவாடை நீள்சதுரங்களால் ஆனது. குர்தாவின் உடல், கை, அக்குள் சதுரம் எல்லாவற்றையும் நேர்கோட்டில் வெட்டித் தைக்கும் பழைய முறையில் கழுத்து வட்டம் மட்டுமே கழிவாகும்.

அடுத்ததாக, உள்ளே விடும் துணி. தொழிற்சாலையில் ஓவர்லாக் போட்டபின் தையலுக்கு அப்பால் ஒரு சென்டிமீட்டர்கூட மிஞ்சாது. உடம்பு சற்றுப் பருத்தால் அந்த உடை முடிந்தது. நம் ஊர் ஜாக்கெட் தைப்பவர்களோ பக்கத்தில் ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக மூன்று நான்கு தையல் ஓட்டி, உள்ளே ஒரு விரல்கடைத் துணியை விட்டுவைக்கிறார்கள். உடம்பு பருக்கும்போது உட்தையல் ஒன்றைப் பிரித்தால் போதும். பெண் குழந்தைகளின் பட்டுப் பாவாடையில் குறுக்கே 'டக்' மடித்துத் தைத்து, குழந்தை வளர வளர ஒவ்வொரு மடிப்பாக அவிழ்த்துவிடும் வழக்கமும் இதே அறிவுதான். இந்த இரண்டையும் சட்டைக்கும் சுடிதாருக்கும் பேண்டுக்கும் கொண்டுசெல்வதே வீட்டில் தைப்பவர் செய்யக்கூடிய மிகப் பெரிய சூழல் நன்மை என்று நான் கருதுகிறேன். பக்கத் தையலில் ஒரு இன்ச், கீழ்மடிப்பில் இரண்டு இன்ச் விட்டால் கூடுதலாகச் செலவாகும் துணி மிகச் சொற்பம்.

நூலும் துணிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மெல்லிய கைத்தறித் துணியில் மிக வலுவான பாலியஸ்டர் நூலை இறுக்கித் தைத்தால், இழுபடும்போது தையல் நிற்கும், துணி கிழியும். தையல் பிரிந்தால் மீண்டும் தைத்துக்கொள்ளலாம். துணி கிழிந்தால் ஒட்டுப்போட வேண்டியதுதான்.

வீட்டுச் சாயம்

காடா துணிக்கு நிறமேற்ற விரும்புவோர் கடுக்காய், படிகாரம், மஞ்சட்டி, அவுரி ஆகியவற்றை நாடலாம். கடுக்காயும் படிகாரமும் சாயத்தை இழையில் பிடித்து நிறுத்த உதவுபவை. கடுக்காயோடு இரும்பு சேர்ந்தால் கருமை கிடைக்கும். மஞ்சள் அழகாகப் பிடித்து, வெயிலில் விரைவில் வெளிறிவிடும். எனவே வெளியே உடுத்தும் உடைக்கு அது ஏற்றதல்ல. இயற்கைச் சாயம் என்ற பெயரில் மயில்துத்தத்தையும் குரோமிய உப்புகளையும் பயன்படுத்தி, அந்த நீரைத் தென்னைக்கு ஊற்றுவது நொய்யலில் நடந்ததைச் சிறிய அளவில் தோட்டத்தில் செய்வதற்குச் சமம்.

உடுத்தும் காலமே வகுக்கும் எண்

ஓர் உடையை உருவாக்கியதன் சுமையை, அது உடுத்தப்பட்ட தடவைகளால் வகுத்துப் பார்க்க வேண்டும். 20 முறை உடுத்தி எறிந்த சட்டையைவிட, 100 முறை உடுத்திய அதே சட்டை ஒரு தடவைக்கு ஐந்தில் ஒரு பங்கு சுமையையே ஏற்றுகிறது. இந்தக் கணக்கு வீட்டுத் தையலுக்கும் அப்படியே பொருந்தும். தைக்கும் ஆர்வத்தில் வாரம் ஒரு புது உடை தைத்து, பாதியைப் பீரோவில் அடுக்குபவரைவிட, நல்ல ரெடிமேட் சட்டைகள் சிலவற்றை வாங்கிப் பல ஆண்டு உடுத்துபவரே சூழலுக்கு நண்பர். எனவே என்ன தைப்பது என்று முடிவு செய்யும் முன், அலமாரியில் எந்த உடை திரும்பத் திரும்பத் துவைக்கப் போகிறது என்று பார்த்து, அதைப் போன்றதையே தைப்பது நல்லது.

பழுது பார்ப்பதும் இந்த எண்ணைக் கூட்டுகிறது. நைந்த காலரைப் பிரித்து, உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைக்கும் வேலையைப் பழைய தையல்காரர்கள் இன்றும் செய்து தருகிறார்கள். தைத்தவரே அதைச் செய்வது இன்னும் எளிது. எங்கே எந்தத் தையல் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும்.

பனியன் கம்பெனி வேலையை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த பகுதியில், வீட்டுத் தையல் அவர்களின் பிழைப்பைக் கெடுக்காதா என்ற கேள்வியும் நியாயமானது. திருப்பூரின் பிழைப்பு வெளிநாட்டு ஆர்டர்களையும் நாடு முழுவதுமான சந்தையையும் சார்ந்தது. சில வீடுகள் தமக்குத் தைத்துக்கொள்வதால் அது அசையாது. தைத்துப் பார்த்தவருக்கு ஒரு காலரை ஒழுங்காக வைக்க எவ்வளவு கைத்திறன் வேண்டும் என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு 100 ரூபாய் டி-ஷர்ட்டைப் பார்க்கும்போது, அந்த விலைக்குள் யாருடைய கூலி எவ்வளவு என்ற கேள்வி எழாமல் இராது.

கடைசியில் துணி எங்கே போகிறது

கொங்கு நாட்டில் பனியன் வேஸ்ட் குப்பை அல்ல, மூலப்பொருள். வெட்டுக் கழிவை நிறவாரியாகப் பிரித்து, எந்திரத்தில் கிழித்துப் பஞ்சாக்கி, வெள்ளகோவில் உள்ளிட்ட ஊர்களின் ஓஇ (ஓபன் எண்ட் முறையில் நூற்கும்) மில்களில் மீண்டும் நூலாக நூற்கிறார்கள். கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடுவதால், பெரும்பாலும் தடித்த நூலாகவே அது வரும். துணியின் நிறம் அப்படியே நூலுக்கு வந்துவிடுவதால் மறுபடி சாயமிட வேண்டியதில்லை. நொய்யல் வடிநிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொழில்நுட்பம் குறைவு.

ஆனால் அந்த வழி தூய பருத்திக்கே அகலமாகத் திறந்திருக்கிறது. லைக்ரா கலந்த துணி கிழிக்கும் எந்திரத்தில் ரப்பர்போல் இழுபட்டுச் சிக்கலாகும். பல இழை கலந்த துணிக்கு விலையும் இறங்கும். ஆகவே வீட்டில் தைப்பவர் துணி வாங்கும் நாளிலேயே கூடியவரை ஒரே இழைத் துணியைத் தேர்ந்தெடுத்து, பிரித்தெடுக்க எளிதான கொட்டாங்குச்சிப் பொத்தான் போன்றவற்றை வைத்துத் தைப்பது நல்லது. வெட்டும்போது விழும் துண்டுகளைக் குப்பைத் தொட்டியில் போடாமல், வெள்ளை ஒரு பையிலும் நிறம் ஒரு பையிலும் கலப்புத் துணி வேறொரு பையிலுமாகச் சேர்க்கலாம். பெரிய துண்டுகள் கால்மிதிக்கும் பைக்கும் ஆகும். தெருவில் பத்து வீட்டார் சேர்ந்து ஒரு மூட்டை சேர்த்தால், வேஸ்ட் வியாபாரி எடைபோட்டு எடுத்துக்கொள்ள அது போதுமான சரக்கு.